சாம்பல் படாத நோட்டு

எங்கள் ஊரில் வெள்ளைத் துணியைக் கொடியில் காயப்போட முடியாது. புதுவயல் முழுக்க அரிசி ஆலைகள். உமியை எரித்துத்தான் நெல் அவிக்கிறோம். புகைபோக்கியிலிருந்து வரும் கரிச்சாம்பல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீடுகளில் போய் விழும். துணியில் விழும். குடத்துத் தண்ணீரில் விழும். என் மகளின் ஹோம்வொர்க் நோட்டிலும் விழுந்தது. அதற்காக அவளை நான் அடித்தேன். அந்தச் சாம்பலை ஊருக்குள் அனுப்பும் ஆலை ஒன்றில்தான் நான் களத்து மேஸ்திரி. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைப்பதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அப்போது அவள் நான்காம் வகுப்பு. காரைக்குடியில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஐந்து மணிக்கு, நெல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து வேன் அவளை இறக்கிவிடும். பை கனத்தில் ஒரு தோள் இறங்கியிருக்கும். அன்றைக்கு நடத்திய கேள்வி பதில்களை மூன்று தடவை எழுத வேண்டும். ஒரு பாடத்துக்கு மட்டும் இல்லை, எல்லாப் பாடத்துக்கும். கணக்கு தனி.

எங்களுடையது ஓட்டு வீடு. ஜன்னல் கதவுகள் சரியாகச் சேராது. அந்தச் சாம்பலை ஊதினால் பறந்துவிடும், கையால் தள்ளினால் கரிக்கோடு விழுந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை. கை வேர்த்திருக்கும், ஊத மறந்து தள்ளிவிடுவாள். மறுநாள் டீச்சர் சிவப்பு மையில் சுழித்து அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதச் சொல்லியிருப்பார். இன்றைய வேலையோடு நேற்றைய வேலையும் சேரும். நான் ஸ்கேலை எடுப்பேன். விரல் முட்டியில் அடிப்பேன். வலது கையில் அடிக்க மாட்டேன், இடது கையில்தான். எழுத்து கெட்டுப்போகக் கூடாது பாருங்கள். அவ்வளவு யோசித்து அடித்திருக்கிறேன். கோபத்தில் தெரியாமல் அடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

நான் பத்தாவதில் இங்கிலீஷில் தோற்றவன். அவள் நோட்டில் இருப்பதை என்னால் வாசிக்க முடியாது. எவ்வளவு எழுதியிருக்கிறாள் என்று மட்டும் பார்ப்பேன். களத்தில் எத்தனை மூட்டை காய்ந்தது என்று பார்ப்பவனுக்கு வேறு எப்படிப் பார்க்கத் தெரியும்? அதிகம் எழுதச் சொல்கிற பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம். அவ்வளவுதான் என் புத்தி. எனக்கு மட்டுமில்லை. ஆலைக்கு எதிரே உள்ள டீக்கடையில் அப்பன்களுக்குள் போட்டியே நடக்கும்.

"எம் மகனுக்கு நேத்து ஆறு நோட்டு."

"ஆறுதானா? பள்ளிக்கூடமாப்பா அது, சத்திரமா? எம் மகளுக்கு எட்டு."

ஒரு நாள் லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவன் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க ஊரு கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல புள்ளைக கபடி வெளையாடுதுக. அங்க கொண்டாந்து சேருங்க. நீங்களும் நோட்ட எண்ணாம நிம்மதியா டீ குடிக்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவனைப் பார்த்துத்தான் சிரித்தோம்.

காளையார்கோவிலில் என் தங்கை இருக்கிறாள். அவள் மகனுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். விசேஷத்துக்குப் போகிற பையில் மகளின் பட்டுப்பாவாடைக்கு மேலே ஐந்து நோட்டுகளை வைத்தேன். மண்டபத்தில் மற்றப் பிள்ளைகள் பலூனைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். என் மகள் தரையில் முட்டி போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை மேசையாக வைத்து எழுதினாள்.

என் சித்தப்பா கேட்டார்: "ஏண்டா, புள்ளையக் காதுகுத்துக்குக் கூட்டியாந்தியா, பரிச்சைக்குக் கூட்டியாந்தியா?"

"நம்ம வீட்ல யாருக்குச் சித்தப்பா இங்கிலீஷ் தெரியும்? இவளுக்குத் தெரியுமே" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஓடி வந்த ஒரு பையன் அந்த நாற்காலியில் இடித்து, கையிலிருந்த பாயசத்தை நோட்டில் கொட்டிவிட்டான். என் மடியில் மருமகன். ஆசாரி காதைப் பிடித்திருக்கிறார். நான் எழுந்திருக்க முடியாது. குத்தி முடியும்வரை பொறுத்திருந்து, பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, நேராகப் போய் என் மகளின் கன்னத்தில் அறைந்தேன். அத்தனை சொந்தக்காரர்களும் பார்த்தார்கள். காது குத்திய பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. அடிபட்ட பிள்ளை அழவில்லை. பட்டுப்பாவாடையால் அந்தப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் தங்கை, "சாப்புட்டுப் போங்கண்ணே" என்றாள். அதற்கு மேல் அன்று என்னோடு பேசவில்லை.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்க்கிறார். அந்த அம்மா மட்டும் பிள்ளைகளோடு இருந்தார். அவர் மகனும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே வேன். என் மனைவிக்கு அவர் அக்கா, என் மகளுக்கு அத்தை. என்னை அண்ணே என்பார். காலேஜில் இரண்டு வருஷம் படித்தவர் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அவர்கள் வீடு மச்சு வீடு, ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டிருக்கும்.

ஒரு சாயங்காலம் மகள் என்னிடம் வந்து நின்றாள். "அப்பா, அத்தை வீட்ல உக்காந்து எழுதவா? அங்குட்டு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். சாம்பல் விழாது."

நல்ல யோசனை என்று அனுப்பினேன். அன்றிலிருந்து நோட்டு பளிச்சென்று ஆனது. கரிக்கோடு இல்லை, அடித்தல் திருத்தல் இல்லை. சிவப்புச் சுழிப்பு போய் நட்சத்திரம் விழ ஆரம்பித்தது. நான் அடித்த அடிக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் அந்த பேரன்ட்ஸ் மீட்டிங். ஒரு சனிக்கிழமை. பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று டீச்சர் கேட்டார். வழக்கமாக யாரும் வாயைத் திறக்க மாட்டோம். அன்று பக்கத்து வீட்டு அம்மா எழுந்தார்.

"மிஸ், புள்ளைகளுக்கு எழுதி எழுதி விரல் வீங்கிப் போகுது. எம் மகன் சோத்துத் தட்டு முன்னாடியே தூங்குறான். கொஞ்சம் கொறைச்சுக் குடுங்க. எங்க ஊரு மில்லுல நெல்லக்கூட ஒரே மூச்சாக் காயவைக்க மாட்டாக. நடுவுல குமிச்சு, படுதா போட்டு மூடி ஆறவிடுவாக. இல்லாட்டி அரைக்கையில நொறுங்கிப் போயிரும்பாக. புள்ளைக நெல்ல விடக் கேவலமா மிஸ்?"

நான்கைந்து தாய்மார்கள் தலையாட்டினார்கள்.

அது என் தொழில். அந்த வாரம்தான், நெல்லைக் குமிக்காமல் சாப்பிடப் போய்விட்டாள் என்று களத்தில் ஒரு பெண்ணைக் கண்டபடி ஏசியிருந்தேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை என்று அந்த அறையில் மற்ற எல்லோரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வேலையை எடுத்து என் முகத்திலேயே வீசியது போல இருந்தது. எழுந்தேன்.

"ஏம்மா, நெல்லப் பத்தி நீங்க எனக்குப் பாடம் நடத்துறீகளா? உங்க வீட்ல கண்டிக்க ஆம்பள இல்ல, புள்ள சொன்ன பேச்சு கேக்கல. அதுக்காக ஊர்ப் புள்ளைக பூராவையும் சோம்பேறியாக்கணுமா?"

யாரோ சிரித்தார்கள். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. மகளின் பையிலிருந்து நோட்டை உருவி, விரித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன்.

"இந்தா பாருங்க. அதே கிளாஸ்தான், அதே தெருதான். ஒரு அடித்தல் இருக்கா? ஒரு பொட்டுச் சாம்பல் இருக்கா? இன்னும் கூடக் குடுங்க மிஸ், எம் மக எழுதுவா!"

பின்வரிசையில் கைகூடத் தட்டினார்கள். அந்த அம்மா நோட்டைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்து மகளுக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து தினம் ஒரு பக்கம் கையெழுத்துப் பயிற்சி கூடுதலாக வந்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நான் கேட்டு வாங்கிக் கொடுத்தது அது.

ஒரு மாதம் போயிருக்கும். நான் காரைக்குடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மனைவி ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மொபெட்டின் முன்பக்கம் ஏற்றி வைத்தாள்.

"அக்கா வீட்டுப் பெட்டி. குவைத்துக்குப் போறவரு ஒருத்தரு காரைக்குடில இருக்காராம். அவருகிட்டக் குடுத்துருங்க."

"அவுகளுக்கு நான் எதுக்குச் செமக்கணும்?"

"செமங்க" என்றாள். அப்படி அவள் என்னிடம் பேசியதே இல்லை. பெட்டியோடு கிளம்பினேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணுக்கு முன்னால் இருந்த பெட்டியைப் பார்த்தேன். மேலே இங்கிலீஷில் பெரிய எழுத்தாகவும் சின்ன எழுத்தாகவும் முகவரி. எனக்கு இங்கிலீஷ்தான் வராது, கைக்குறி தெரியும். மூட்டை மேல் கிறுக்கியிருக்கும் குறியைப் பார்த்தே எந்த ஊர் நெல், யார் போட்ட குறி என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெட்டியில் 'ஜி' எழுத்தின் வால் கீழே போய், இடது பக்கம் சுழித்து, மேலே ஒரு கொக்கி போட்டிருந்தது. அந்தக் கொக்கியை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே என்று யோசித்தேன். மகளின் நோட்டில்.

பெட்டியைக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தேன். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எழுதி முடித்த பழைய நோட்டுகளை எடுத்துத் தரையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். என் மகள் அழுத்தி எழுதுவாள். பக்கத்தின் பின்புறம் கட்டைவிரலால் தடவினால் மேடு மேடாகத் தட்டுப்படும். ஒரு நாளிலிருந்து மாறுகிறது. ஒரு பக்கம் மேடு, இரண்டு பக்கம் வழுவழு. ஒரு பக்கம் மேடு, இரண்டு பக்கம் வழுவழு. குழந்தையின் எழுத்து மாதிரியே சாய்த்து, ஆனால் லேசான கையால் எழுதிய எழுத்து. அந்தக் கொக்கியை மட்டும் மறைக்க முடியவில்லை.

மீட்டிங்கில் நான் தூக்கிப் பிடித்த பக்கத்தைத் தேடினேன். ஓரத்தில் என் பெருவிரலின் அழுக்கு ரேகை அப்படியே இருந்தது. பின்புறம் தடவினேன். வழுவழுவென்று இருந்தது.

மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"மொத நாள்லருந்து. அவளுக்கு நடுவெரல் வெடிச்சு ரத்தம் வந்துச்சு. அந்த அக்காதான் பாத்துட்டு, 'நீ ஒருக்கா எழுது ஆத்தா, மிச்ச ரெண்டு தடவைய நான் எழுதுறேன்'னுட்டாக. அவுக மகனுக்கும் எழுதணும், இவளுக்கும் எழுதணும். சாயந்தரம் பூரா அவுகளுக்கு இதே வேல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீக?"

அவள் பதிலுக்காகக் கேட்கவில்லை. என் வீட்டில் நான்கு பேர் சோறு தின்கிறோம். இன்னும் மூன்றாம் வகுப்புக்கே வராத என் சின்ன மகனுக்குக்கூட இது தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து என்னிடமிருந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியாள் ஒருவர் அவர்களுக்குத் துணை.

மறுநாள் காலையில் அந்த அம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்தவர் "வாங்கண்ணே" என்றார். உள்ளே கூப்பிடவில்லை.

"நோட்டப் பாத்தேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "புள்ளைய அடிச்சீகளா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா அடிக்கலம்மா."

மூச்சை விட்டார். நான் அவரை ஏசியது பற்றிக் கேட்பார் என்று போனவன் நான். அவர் முதலில் கேட்டதோ பிள்ளையை அடித்தேனா என்றுதான்.

"அன்னைக்குக் கூட்டத்துல உங்கள அழ வச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

"அழுகையா?" என்றார். "நல்லா இருக்கே! நான் எழுதுன நோட்ட என் முன்னாடியே தூக்கிக் காட்டி, 'பாத்தியா பாத்தியா'ங்குறீக. எனக்குச் சிரிப்ப அடக்க முடியலண்ணே. வாய்விட்டுச் சிரிச்சா அந்தப் புள்ள மாட்டிக்கிருமேன்னுதான் முக்காட்ட வாயில திணிச்சேன்." சொல்லும்போதே மறுபடி சிரிப்பு வந்தது. சட்டென்று நின்றது. "வீட்டுக்கு வந்துதான் அழுதேன். ஆம்பள இல்லாத வீடுன்னீக பாருங்க, அதுக்கு."

நான் தரையைப் பார்த்தேன்.

"மன்னிப்ப வாசல்ல வந்து ரகசியமாக் கேக்குறீக. பேசுனது எங்கன வச்சு?"

மீட்டிங்கில் எழுந்து நின்று கேட்க வேண்டும் என்று புரிந்தது.

அடுத்த மீட்டிங்கில் எழுந்தேன். "ஹோம்வொர்க்கக் கொறைக்கணும் மிஸ்" என்றேன்.

டீச்சர் சிரித்தார். "நீங்கதானே சார் போன தடவை கூடுதலாக் கேட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். போன தடவை எனக்குக் கைதட்டிய ஆள், "மேஸ்திரி, மக நோட்டுலயும் சரக்கு தேங்கிப் போச்சா?" என்றான்.

"தப்புத்தான். அன்னைக்கு நான் பேசுனது பூராத் தப்பு. இந்தம்மா சொன்னதுதான் சரி. ஒரே மூச்சாக் காயவச்சா நொறுங்கத்தான் செய்யும்" என்றேன். அத்தோடு வேறு சிலரும் எழுந்தார்கள். அந்த அம்மாவும் பேசினார். மூன்று தடவை எழுதுவது இரண்டு தடவையானது. கையெழுத்துப் பயிற்சி போகவில்லை.

ஆனால் நோட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஆம்பள இல்லாத வீடு என்று சொன்னதற்கும் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லை. நோட்டைப் பற்றிச் சொன்னால் மகளைத் தண்டிப்பார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. பாதி, அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை தாங்க எனக்குத் தைரியம் இல்லை. பேசி உட்கார்ந்தபோது அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மீதியைச் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை அந்த மீதி என்னிடம்தான் இருக்கிறது. இதை எழுதுவதும் அதற்காகத்தான். இதுவும் தைரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். பேர் போடாமல்தானே எழுதுகிறேன்.

அன்று மகளைக் கூப்பிட்டு, "ஆத்தா, விரல் வலிச்சா எழுத வேணாம். நான் டைரில எழுதித் தாரேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். டைரியில் தமிழில் எழுதினேன்: 'என் மகளுக்கு விரல் வலி. எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.' கையெழுத்துப் போட்டது தவிர அந்த டைரியில் நான் எழுதிய முதல் வரி அதுதான்.

மறுநாள் விடிந்ததும் பல் விளக்கக் கொல்லைப்பக்கம் போனேன். துணி துவைக்கும் கல்லின் மேல் நோட்டை வைத்து அவள் எழுதிக்கொண்டிருந்தாள். குனிந்து, முடியைத் தொங்கவிட்டு, சாம்பல் விழாமல் தலையால் மறைத்துக்கொண்டு.

"வேணாம்னு சொன்னேன்ல?"

விருட்டென்று நோட்டை மூடினாள். இடது கை தானாகப் பின்னால் போனது.

"அப்பாதான டைரில எழுதிக் குடுத்தேன். அப்புறம் ஏன் எழுதுற?"

நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க இன்னைக்கு வேணாம்பீக. நாளைக்கு ஏன் எழுதலன்னு அடிப்பீக."

"அடிக்க மாட்டேன்."

"சரிப்பா" என்றாள். நான் அதட்டினால் எப்படி "சரிப்பா" என்பாளோ அதே "சரிப்பா".

அதற்குப் பிறகு நான் அவளை அடித்ததில்லை. இப்போது அவள் ஆறாம் வகுப்பு. அந்தக் காயம் ஆறி நடுவிரலில் ஒரு காய்ப்பு மட்டும் நிற்கிறது. மற்றதெல்லாம் அவளிடம் அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் தெருவில் என் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், விளையாட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நோட்டை விரித்து வைத்துக்கொள்கிறாள். நான் உள்ளே வரும்போது எழுதிக்கொண்டிருப்பாள். "விளையாடு ஆத்தா" என்றால் எழுந்து போய் வாசலில் சும்மா நிற்கிறாள்.

அதனால் இப்போதெல்லாம் தெரு முனையிலேயே இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறேன். அந்த அம்மா வீட்டுச் சுவர் ஓரமாக நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறேன். தரையில் கரியால் கட்டம் கிழித்து, அந்த வீட்டுப் பையனோடும் என் சின்னவனோடும் பாண்டி ஆடிக்கொண்டிருப்பாள். ஒற்றைக் காலில் நின்று, "கோட்ட மிதிச்ச, போடா அங்குட்டு!" என்று கத்துவாள். எனக்குப் பயப்படாத அவள் குரலை அங்கே நின்றுதான் கேட்கிறேன். இரண்டு நிமிஷம் இருக்கும். அதற்குள் சின்னவன் என்னைப் பார்த்து "அப்பா" என்று கத்திவிடுவான்.

அவள் தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடுகிறாள்.